அரிக்கன்சட்டியில் தங்கம்

ஆற்று மணலில் தங்கம் தேடுவது அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பலருக்கு விடுமுறைப் பொழுதுபோக்கு. அவர்கள் முதலில் வாங்கும் கருவி 14 அங்குல அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. பெரும்பாலும் பச்சை நிறம். ஒரு பக்கச் சரிவில் மட்டும் நாலைந்து வரிகள். அதைத் தேவகோட்டைப் பக்கத்து ஆச்சி ஒருவர் கையில் கொடுத்தால், புரட்டிப் பார்த்துவிட்டு, “அரிக்கன்சட்டிதான். வரி பத்தாது” என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அரிக்கன்சட்டியைப் பார்த்தே இராதவர்களுக்காக ஒரு வார்த்தை. அகன்ற வாய், வழுவழுப்பான வெளிப்புறம், உள்ளே வாயிலிருந்து அடிவரை வளையம் வளையமாக வரிகள். அரிசியைத் தண்ணீரோடு அதில் போட்டு, சட்டியைச் சாய்த்து, இலேசாக ஆட்டி ஆட்டி அடுத்த பாத்திரத்துக்கு வழியவிடுவார்கள். அரிசி போய்விடும், கல் வரிகளில் தங்கிவிடும். மில்லில் கல் நீக்கும் இயந்திரம் வந்ததும் சட்டிக்கு வேலை போயிற்று. செட்டிநாட்டு வீடுகளின் இரண்டாங்கட்டில் புழங்கிய எத்தனையோ சாமான்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குப் போய் விலை ஏறி உட்கார்ந்திருக்கின்றன. இந்தச் சட்டிக்கு அந்த மரியாதையும் கிடைத்ததாகத் தெரியவில்லை.

தங்கம் அரிக்கும் வேலைக்கும் அரிசி களையும் வேலைக்கும் கணக்கு ஒன்றுதான். தண்ணீரின் எடை 1 என்றால், அதே கன அளவு அரிசி ஏறக்குறைய 1.45, சாதாரண மணல் 2.65, தங்கம் 19.3. தண்ணீருக்குள் ஒவ்வொன்றும் தன் எடையில் ஒன்றை இழக்கும். ஆகவே தண்ணீருக்குள் மணலைவிடத் தங்கம் 11 மடங்கு கனம். இவ்வளவு வித்தியாசம் இருந்தால் யாரும் பிரித்துவிடலாம். சிக்கல் கடைசியில்தான் வருகிறது. வெள்ளை மணலெல்லாம் போன பிறகு தட்டின் அடியில் கறுப்பு மணல் நிற்கும். காந்தக்கல் வகையான அந்த இரும்புத் தாதுவின் அடர்த்தி 5.2. அதற்கும் தங்கத்துக்கும் தண்ணீருக்குள் இருக்கும் விகிதம் நாலேகால் சொச்சம். அரிசிக்கும் கல்லுக்கும் உள்ள விகிதம் நாலுக்குக் கிட்டே. அதாவது தங்க வேட்டையின் மிகக் கடினமான கட்டம், நம் வீட்டுப் பெண்கள் தினமும் காலையில் உலை கொதிப்பதற்குள் முடித்த வேலையைவிடக் கொஞ்சம் சுலபம்! ஒரே வேறுபாடு, கல் கண்ணுக்குத் தெரியும் அளவில் இருந்தது. தங்கம் அப்படி இருப்பதில்லை.

எவ்வளவு சிறிது? ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பக்கமுள்ள துகளை எடுத்துக்கொள்வோம். அப்படி 50,000-க்கு மேல் சேர்ந்தால்தான் ஒரு கிராம். ஒரு பவுனுக்கு நாலு லட்சம் வேண்டும். ஆற்றங்கரையில் குனிந்ததும் கட்டி கிடைக்கும் என்று கிளம்புகிறவர்களுக்கு இந்தக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மண்ணில் இல்லை, சாக்கடையில் உண்டு

தேவகோட்டையில் தங்கம் கிடைக்குமா? ஊருக்கு அருகே கண்டதேவியில் சொர்ணமூர்த்தீஸ்வரர் கோயில் இருக்கிறது. இறைவன் பெயரிலேயே பொன் இருக்கிறது, பொன்மழை பொழிந்ததாகக் கதையும் உண்டு. உ.வே.சாமிநாதையரின் ஆசிரியர் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இந்தத் தலத்துக்குப் புராணம் பாடியிருக்கிறார். இதையெல்லாம் நம்பி விருசுழியாற்று மணலில் தட்டைப் போட்டால் கிடைப்பது காக்காய்ப்பொன்தான். வெயிலில் தகதகவென்று மின்னும், நிழலுக்குக் கொண்டுவந்தால் செத்துப்போகும். ஊசியால் அழுத்தினால் ஏடு ஏடாகப் பிரியும். தங்கம் நிழலிலும் மஞ்சள்தான். ஊசிக்கு நசுங்குமே தவிர உடையாது. பொழுதுபோக்குக்காரர்கள் கற்க வேண்டிய முதல் சோதனை இது, செலவில்லாதது.

சிவகங்கைச் சீமை நிலத்தடியில் வைத்திருப்பது தங்கம் அல்ல, கிராஃபைட். தமிழ்நாடு கனிம நிறுவனம் சிவகங்கைக்குப் பக்கத்தில் அதைத் தோண்டிச் சுத்திகரிக்கிறது. பட்டறைகளில் தங்கம் உருக்கும் கறுப்புக் குகைகள் செய்யப்படுவது கிராஃபைட்டில்தான். தங்கத்தைக் கொடுக்காத மண், தங்கத்தை உருக்கும் பாத்திரத்துக்கு மூலப்பொருளைக் கொடுத்தது. தங்கமோ பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் செட்டிநாட்டார் நடத்திய கொடுக்கல் வாங்கலின் லாபமாகக் கப்பலேறி வந்து, பத்தர்களின் உலைக்குப் போய், கழுத்திருவாகவும் வளையலாகவும் ஆயிற்று.

அப்படி ஆகும் வழியில் கொஞ்சம் சிந்தியது. அந்தச் சிந்தலில் பிழைக்கிறவர்கள்தான் இந்தப் பக்கத்தின் உண்மையான தங்க வேட்டைக்காரர்கள். அரிப்புக்காரர்கள் என்று பெயர்.

ஒரு நகைப்பட்டறையில் தங்கம் போகாத இடமில்லை. அரத்தால் ராவும்போது பொடி பறக்கும். கம்பியச்சில் இழுக்கும்போதும் துண்டு வெட்டும்போதும் துணுக்கு தெறிக்கும். மெருகு போடும்போது தூசியாகக் கிளம்பி வேட்டியிலும் தலைமயிரிலும் ஒட்டும். வேலை செய்பவர் கை கழுவினால் தண்ணீரோடு போகும். பத்தர்கள் இதற்கு அசட்டையாக இருப்பவர்கள் அல்லர். மடிமேல் துணி விரித்துப் பொடியைப் பிடிப்பார்கள். பெருக்கிய குப்பையைத் தெருவில் கொட்டாமல் டின்னில் சேர்ப்பார்கள். கை கழுவிய தண்ணீரைத் தொட்டியில் தெளியவிடுவார்கள். தேய்ந்த துடைப்பத்தையும் கிழிந்த பாயையும்கூட எரித்துச் சாம்பலை வைத்துக்கொள்வார்கள். இருந்தும் கொஞ்சம் வாசல் தாண்டும். தாண்டியது வாசற்படி இடுக்கிலும் தெருவோரச் சாக்கடையிலும் போய்ப் படியும். தங்கம் கனமானது என்பதால் தண்ணீர் அதைத் தூரம் கொண்டுபோவதில்லை. பெரும்பாலும் பட்டறைக்குப் பக்கத்திலேயே அடிச்சேற்றில் இறங்கிவிடும்.

நகை வாங்குகிறவரிடம் செய்கூலியோடு சேதாரம் என்று ஒன்று வாங்குகிறார்களே, அந்தக் கணக்கில் ஒரு சிறு பங்கு இப்படிச் சாக்கடைக்குப் போகிறது. (சேதாரம் முழுவதும் அங்கேதான் போகிறது என்று நான் சொல்லவில்லை. அது தனிக் கட்டுரை.) வசதியுள்ள வீடுகளில் முன்பெல்லாம் பத்தரை வீட்டுக்கே வரவழைத்து, கண்ணெதிரில் உட்காரவைத்து நகை செய்து வாங்கும் வழக்கம் இருந்தது. தங்கம் நிறுத்துக் கொடுப்பார்கள், நகையை நிறுத்து வாங்குவார்கள். வேலை நடந்த இடத்தைப் பெருக்கிய குப்பையும் வீட்டிலேயே நிற்கும் என்பதில் கணக்குத் தெரிந்த ஒரு மூளை வேலை செய்திருக்கிறது.

அரிப்புக்காரர்கள் கடைத்தெரு விழிப்பதற்கு முன்னால் வருவார்கள். நகராட்சித் துப்புரவாளர் பெருக்கிவிட்டால் அன்றைய வருமானம் குப்பை வண்டியில் போய்விடும். கையில் தூரிகை, தட்டு, சட்டி, வாளி. கோயம்புத்தூரின் பட்டறைத் தெருக்களில் இதையே நம்பி வாழும் குடும்பங்கள் உண்டு. மும்பை சவேரி பஜாரில் இதே வேலையைச் செய்பவர்களை நியாரியா என்கிறார்கள். தெருவில் அள்ளுவதோடு, பட்டறைகளிலிருந்து குப்பையை மொத்தமாக விலைக்கு வாங்குவதும் உண்டு. பழைய பட்டறையை இடித்தால் தரைமண்ணுக்கும் கிராக்கி.

அள்ளிய மண்ணைச் சலித்து, சட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டு அரிப்பார்கள். இங்கேதான் கைவேலை. பார்த்துக்கொண்டிருந்தால் வெறுமனே சுழற்றுவதாகத் தோன்றும். உண்மையில் இரண்டு வேலைகள் மாறி மாறி நடக்கின்றன. முதலில் சட்டியை மட்டமாக வைத்துக் குலுக்குவார்கள், கனமானது கீழே இறங்குவதற்காக. பிறகுதான் சாய்த்து மேல்மண்ணை வழியவிடுவார்கள். மறுபடி மட்டம், மறுபடி குலுக்கல். புதிதாகக் கற்பவர் முதல் வேலையை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் செய்வார். மண்ணோடு தங்கமும் போய்விடும். பச்சைத் தட்டு வாங்கிய வெளிநாட்டுக்காரரும் இதே தப்பைத்தான் செய்கிறார்.

அரித்து மிஞ்சிய கறுப்புப் பொடியில் காந்தத்தை ஓட்டி இரும்பை எடுத்துவிடுவார்கள். பட்டறை மண்ணில் அரத்தின் இரும்புத்தூளே நிறைய இருக்கும். அடுத்து பாதரசம். கையாலேயே பிசைவார்கள். பாதரசம் தங்கத்தைப் பிடித்துக்கொண்டு உருண்டையாகும். துணியில் வைத்துப் பிழிந்தால் அதிகப்படியான பாதரசம் வெளியே வரும். உருண்டையைச் சுட்டால் மீதியும் ஆவியாகி, தங்கம் நிற்கும். வெள்ளியும் செம்பும் கலந்திருந்தால் திராவகத்தில் போட்டுப் பிரித்து, வெங்காரம் சேர்த்து உருக்கினால் மணி மணியாகக் கிடைக்கும்.

இந்தப் பாதரசப் படியை வீட்டில் யாரும் செய்யக் கூடாது. பாதரசம் 357 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. ஆனால் அறை வெப்பத்திலேயே கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகிக்கொண்டிருக்கும். மூச்சில் போனால் நரம்பைத் தாக்கும். கை நடுக்கமும் மறதியும் மெதுவாக வரும். உலகம் முழுவதும் மனிதர்களால் காற்றில் கலக்கும் பாதரசத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இப்படிச் சிறிய அளவில் தங்கம் எடுப்பவர்களிடமிருந்து வருகிறது. 2017-இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா ஒப்பந்தம் இந்தப் பழக்கத்தைக் குறைக்கச் சொல்கிறது. இந்தியா 2018-இல் அதை ஏற்றது. அரிப்புக்காரரின் அடுப்பங்கரை வரை அந்தச் செய்தி இறங்கவில்லை என்றால் குறை அவருடையது அல்ல. பாதரசம் இல்லாமல் அரித்தே முடிக்கக்கூடிய நல்ல கருவியை யாராவது அவர் கையில் கொடுத்திருக்க வேண்டும்.

வாளி, கால்மிதி, கூலர் மோட்டார்

அந்தக் கருவி ஒன்றும் அதிசயமானதல்ல. வெளிநாட்டுப் பொழுதுபோக்குக்காரர்கள் தங்கள் கார் கொட்டகையிலேயே அதைச் செய்துகொள்கிறார்கள். தேவகோட்டைக் கடைத்தெருவில் கிடைக்கும் சாமான்களை வைத்தே நாமும் செய்யலாம்.

முதலில் சல்லடை. கட்டட மணல் சலிப்பது ஒன்று, மாவு சலிப்பது ஒன்று. பெரிய கல்லும் சிறிய துகளும் ஒரே சட்டியில் இருந்தால் பெரிய கல் உருளும்போது தங்கத்தைக் கிளப்பிவிடும். ஒரே அளவாகச் சலித்து அரித்தால் வேலை பாதி.

தட்டுக்கு அரிக்கன்சட்டி கிடைத்தால் பாக்கியம். இல்லையென்றால் அகன்ற பிளாஸ்டிக் பேசின் போதும். கறுப்போ கரும்பச்சையோ நல்லது, மஞ்சள் துகள் தெரியும். இரும்பு வாணலி வேண்டாம், காந்தம் ஓட்ட முடியாது. புதுப் பாத்திரத்தில் எண்ணெய்ப் பசை இருக்கும். பொடித் தங்கம் எண்ணெயில் ஒட்டித் தண்ணீர்மேல் மிதந்து போய்விடும். சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, அரிக்கும் தண்ணீரிலும் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட வேண்டும். தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசை தளர்ந்தால் மிதக்கும் துகளும் மூழ்கும்.

காந்தத்துக்குப் பழைய ஸ்பீக்கரை உடைக்கலாம். அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு ஓட்ட வேண்டும். கறுப்பு மணல் பையின்மேல் ஒட்டும். காந்தத்தை வெளியே இழுத்தால் மணல் உதிர்ந்துவிடும். பையில்லாமல் ஓட்டியவர் காந்தத்தைச் சுரண்டிக்கொண்டிருப்பார்.

அடுத்தது ஓடைப்பெட்டி. மூன்றடி நீளம், ஓரடி அகலம், நாலங்குல உயரப் பக்கங்கள் என்று ஒட்டுப்பலகையில் ஒரு வாய்க்கால். அடியில் வரிபோட்ட ரப்பர் கால்மிதி. அதன்மேல் மூன்றங்குல இடைவெளியில் குறுக்கே மரச் சட்டங்கள். சரிவு ஓர் அடிக்கு ஓர் அங்குலம். மேல்முனையில் சலித்த மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுத் தண்ணீர் விட்டால், ஒவ்வொரு சட்டத்துக்குப் பின்னாலும் நீர் சுழிக்கும். அந்தச் சுழியில் கனமானது விழும், மணல் தாண்டிப் போகும். சட்டத்துக்குப் பின்னால் மணல் கெட்டியாக அடைத்துக்கொண்டால் சரிவு போதவில்லை. கால்மிதி பளிச்சென்று தெரிந்தால் சரிவு அதிகம். ஊருணியையே நம்பிய ஊர்களில் தண்ணீரை ஓடவிட்டு வீணாக்க யாருக்கும் மனம் வராது. ஏர்கூலருக்குப் போடும் சின்ன மோட்டாரைக் கீழே ஒரு பிளாஸ்டிக் டப்பில் வைத்து, விழும் தண்ணீரையே மேலே ஏற்றினால் சில குடம் தண்ணீரில் நாள் முழுக்க ஓட்டலாம்.

கால்மிதிக்குப் பதில் தேங்காய்நார்ப் பாய் போட்டால் என்ன? நாருக்குள் பொடித் தங்கம் நன்றாகச் சிக்கும் என்பது என் கணிப்பு. எதற்கும் சிக்காத மாவுத் தங்கத்தைப் பிடிக்க ஜார்ஜியா நாட்டின் ஸ்வானேதி மலைக்காரர்கள் ஆற்றில் ஆட்டுத்தோலை விரித்தார்கள். கிரேக்க அறிஞர் ஸ்ட்ராபோ இதை எழுதியிருக்கிறார். கிரேக்கர்களின் தங்கக் கம்பளிக் கதைக்கு இதுதான் மூலம் என்பாரும் உண்டு. ஜெர்மானியர் அக்ரிகோலா 1556-இல் வெளிவந்த சுரங்க நூலில், துணியும் தோலும் விரித்த ஓடைப்பெட்டிகளைப் படம் போட்டே காட்டியிருக்கிறார். ஆக, ஐந்நூறு ஆண்டுகளாகப் பெட்டி பெரிதாக மாறவில்லை. கம்பளிக்குப் பதில் ரப்பர் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

தண்ணீரே இல்லாத ஊரில்? 1892-இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் கூல்கார்டியில் தங்கம் தட்டுப்பட்டபோது அங்கே குடிக்கவே தண்ணீர் இல்லை. இரண்டு தட்டுகளை எடுத்துக்கொண்டு, ஒன்றிலிருந்து மண்ணைத் தலைக்கு மேலே உயர்த்திக் காற்றில் சரித்து, கீழே இருக்கும் இன்னொன்றில் பிடித்தார்கள். தூசி பறந்தது, கனம் நின்றது. களத்துமேட்டில் சுளகு பிடித்துத் தூற்றிய சிவகங்கைச் சீமைப் பெண்ணுக்கு இதைப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தூற்றுவதும் புடைப்பதும் கொழிப்பதும் வேறு வேறு கையசைவுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு எடையைப் பிரிக்கும். மூன்றும் ஒரே சுளகில் நடக்கும். இத்தனை நுட்பமான கருவி ஒன்றை மேல்நாட்டுத் தங்க வேட்டைச் சாமான் கடையில் வாங்க முடியாது.

எல்லாம் செய்து முடித்தபின் தங்கம் இல்லாமலே பழக வேண்டும். தூண்டிலுக்குப் போடும் ஈயக்குண்டைப் பொடிப்பொடியாக வெட்டி, சுத்தியலால் தட்டையாக்கி, 20 துண்டுகளை எண்ணி ஒரு சட்டி மணலில் கலக்கவும். அரித்து முடித்ததும் 20-ம் இருந்தால் கை தேறிவிட்டது. ஈயத்தின் அடர்த்தி 11.3. அதைப் பிடிக்கிற கை தங்கத்தை விடாது. ஈயம் தொட்ட கையைச் சாப்பிடுவதற்கு முன் கழுவ வேண்டும். பழகிய பேசின் மறுபடி சமையலறைக்குள் போகக் கூடாது.

எங்கே போய் அரிப்பது?

தமிழ்நாட்டில் ஆற்றுத் தங்கம் என்றால் நீலகிரியின் கூடலூர், தேவாலா, பந்தலூர் பக்கம். பணியரும் குறும்பரும் அங்கே பல தலைமுறைகளாக மரத்தட்டில் அரித்தவர்கள். அந்த மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் போய்ச்சேரும் நிலம்பூர்ச் சாலியாற்றில் மரவி என்ற மரத்தட்டு இன்றும் புழங்குகிறது. 1879-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து பிரப் ஸ்மித் என்ற நிபுணரை வரவழைத்து ஆராயச் சொன்னது அரசு. அவருடைய அறிக்கை கிளப்பிய ஆசையில் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் நாற்பது கம்பெனிகள் வரை முளைத்து, பங்குப் பணம் குவிந்து, சீக்கிரமே அத்தனையும் கவிழ்ந்தன. மரத்தட்டுக்காரர்கள் அரித்துக்கொண்டிருந்த அளவுக்குத்தான் அங்கே தங்கம் இருந்தது. கோலாரிலும் தொடக்கம் இப்படித்தான். 1802-இல் எல்லை அளக்கப் போன ஜான் வாரன், மாரிக்குப்பம் பக்கத்துக் கிராமத்தார் மண்ணை அரித்துக் காட்டியதைப் பார்த்து எழுதி வைத்தார். அதைப் படித்த லாவெல் என்பவர் 1873-இல் அனுமதி கேட்டார். பிறகு வந்த தங்கவயலும், அதன் ஆழத்தில் உழைத்த தமிழர்களும், 2001 பிப்ரவரியில் அது மூடப்பட்டதும் ஊரறிந்த கதை.

இன்று தேவாலாவுக்குத் தட்டோடு போகிறவர் வழக்கோடுதான் திரும்புவார். 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டப்படி உரிமம் இல்லாமல் தங்கம் தேடுவதே குற்றம். 5 ஆண்டு வரை சிறை உண்டு. பொழுதுபோக்குக்கென்று தனிச் சலுகை இல்லை. காடு என்றால் வனச் சட்டமும் சேரும். கைவிட்ட பழைய சுரங்கங்களுக்குள் திருட்டுத்தனமாக இறங்கி மண் சரிந்து செத்தவர்களும் அந்தப் பகுதியில் இருக்கிறார்கள். பழைய வீட்டு மனையைத் தோண்டும்போது புதையல் கிடைத்தாலும் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் காத்திருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானம் என்றால் கலெக்டருக்குச் சொல்லியாக வேண்டும்.

ஆகவே தேவகோட்டையில் இருந்துகொண்டு இந்தக் கருவிகளைச் சோதித்துப் பார்க்க விரும்புகிறவருக்கு நேர்வழி ஒன்றுதான் இருக்கிறது: தெரிந்த பட்டறைக்காரரிடம் காசு கொடுத்து ஒரு டின் குப்பை வாங்குவது. வெளித்திண்ணையில் உட்கார்ந்து, கையுறை போட்டு, பாதரசமும் திராவகமும் இல்லாமல், சல்லடை, காந்தம், ஓடைப்பெட்டி, பேசின் என்ற வரிசையில் போனால் மாலைக்குள் அடியில் மஞ்சள் தெரியும். மிஞ்சிய கறுப்புப் பொடியைக் கொட்டிவிடக் கூடாது. அதற்கும் வாங்க ஆள் உண்டு. குப்பைக்கு விலை பேசும்போது மட்டும் கொஞ்சம் கைப்பிடித்தமாகப் பேச வேண்டும். விற்கிறவர் அதை ஏற்கெனவே ஒரு தடவை அரித்துப் பார்த்திருப்பார்.